செய்யாதே... சரி! செய்... முடியாது!

லண்டனுக்குப் போய்விட்டு வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், 'லெஸ்டர் ஸ்கொயர்' பக்கம் போகாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். (எழுத்துக்கூட்டிப் படித்தால் 'லீசெஸ்டர்'. ஆனால் அப்படிச் சொன்னால் அங்கே டாக்ஸிக்காரருக்குப் புரியாது. பாதி எழுத்தை விழுங்குவதில் வெள்ளைக்காரர்கள் கில்லாடிகள்!) பெரிய ஹாலிவுட் படங்களுக்கு சிவப்புக் கம்பளம் விரித்து பிரீமியர் காட்சி நடத்துவது அங்கேதான். நாலாபுறமும் தியேட்டர்கள், ஓட்டல்கள், கடைகள். நடுவில் மட்டும் ஷேக்ஸ்பியர் சிலையோடு ஒரு தோட்டம்.

சதுர அடிக்குத் தங்க விலை சொல்கிற இடம் அது. அந்த நடு இடத்தை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்?

விட்டுவைக்கவில்லை. கட்டடம் கட்ட ஒருவர் கிளம்பத்தான் செய்தார். அவரைத் தடுத்தது 1808-ல் எழுதப்பட்ட ஒரு கிரயப் பத்திரத்தில் இருந்த சில வரிகள். அந்தப் பத்திரத்தில் அவர் கையெழுத்தே கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்!

கொஞ்சம் பின்னால் போவோம். 1630-களில் லெஸ்டர் பிரபு அங்கே நிலம் வாங்கி மாளிகை கட்டினார். அதுவரை அது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். 'எங்கள் மாடு எங்கே மேயும்? துணி எங்கே உலர்த்துவது?' என்று ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அரசரின் ஆலோசனை சபை தலையிட்டு, ஒரு பகுதியை ஊருக்காகத் திறந்தவெளியாக விடச் சொன்னது. பின்னால் சுற்றிலும் வீடுகள் முளைத்தன. ஓவியர்கள் ஹோகார்த்தும் ரெனால்ட்ஸும் அங்கே குடியிருந்தார்கள். நடுவில் இரும்புக் கிராதி போட்ட தோட்டமும், அதற்குள் குதிரை மேல் முதலாம் ஜார்ஜ் மன்னர் சிலையும் வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கியபோது தோட்டமும் அதைச் சுற்றியிருந்த வீடுகளில் சிலவும் சார்லஸ் அகஸ்டஸ் டல்க் என்பவர் கையில் இருந்தன. கவிஞர்கள் பிளேக், கோல்ரிட்ஜ் ஆகியோருக்கு நண்பரான மனிதர். பிற்பாடு எம்.பி-யாகவும் ஆனார். 1808-ல் இருபதைத் தாண்டிய இளைஞராக இருந்த டல்க், வீடுகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தோட்டத்தை மட்டும் எல்ம்ஸ் என்பவருக்கு விற்றார்.

கவனியுங்கள். வாடகைக்கோ குத்தகைக்கோ விடவில்லை. 'ஃப்ரீஹோல்டு' எனப்படும் சுத்தக் கிரயம். நம்ம ஊர்ப் பத்திர எழுத்தர் பாணியில் சொன்னால், 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்' எல்ம்ஸுக்கே சொந்தம். ஆனால் டல்க் விவரமான ஆள். தோட்டத்தைப் பார்த்தபடி நிற்பவை அவர் வீடுகள். நாளைக்கு எல்ம்ஸ் அங்கே நாலு மாடி எழுப்பிவிட்டால் அந்த வீடுகளுக்கு யார் வாடகை தருவார்கள்? அதனால் ஒரு ஷரத்தைச் சேர்த்தார்: எல்ம்ஸும் அவருடைய வாரிசுகளும் அவருக்குப் பின் வாங்குபவர்களும் இந்த இடத்தில் கட்டடம் எதுவும் கட்டாமல் திறந்தவெளியாக விட வேண்டும், கிராதியையும் தோட்டத்தையும் பழுது பார்த்து அழகாகப் பராமரிக்க வேண்டும், டல்க்கின் குடித்தனக்காரர்கள் நியாயமான கட்டணம் கொடுத்தால் தோட்டத்துச் சாவி தர வேண்டும்.

இந்த ஒரே ஷரத்துக்குள் இரண்டு சமாசாரம் இருக்கிறது. ஒன்று, 'கட்டாதே'. இன்னொன்று, 'பராமரி'. இரண்டையும் தனித்தனியாக மனசில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். இனி வருகிற கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற வேடிக்கைதான்.

தோட்டம் கை மாறிக் கை மாறி, கடைசியில் எட்வர்ட் மோக்ஸே என்பவரிடம் வந்தது. பிஸ்கட் தயாரிப்பவர். பிஸ்கட்டில் சம்பாதித்ததைக் கட்டடத்தில் போடுகிற ஆசை அவருக்கு உண்டு. லண்டனின் த்ரெட்நீடில் தெருவில் வணிகர்களுக்காக ஒரு பெரிய மண்டபமே கட்டியவர். அப்படிப்பட்டவர் கண்ணில் நகரத்தின் நடுவே ஒரு காலி இடம் பட்டால் சும்மா இருப்பாரா?

மோக்ஸே வாங்கிய பத்திரத்தில் அந்தப் பழைய ஷரத்து இல்லை. ஆனால் 1808 பத்திரத்தில் அப்படி ஒன்று இருப்பது தனக்குத் தெரியும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 'தெரியும்... அதனாலென்ன? வாக்குக் கொடுத்தவர் எல்ம்ஸ். நான் டல்க்குக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லையே!' இதுதான் அவர் வாதம்.

லேசான வாதம் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் என்பது செய்துகொண்ட இருவரை மட்டும்தான் கட்டும். மூன்றாவது ஆளைக் கட்டாது. சட்டத்தின் அரிச்சுவடி இது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 'நான் மாடி எடுக்க மாட்டேன்' என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்குப் போய்விட்டால் நீங்கள் யார் சட்டையைப் பிடிப்பீர்கள்? 1834-ல் இதே மாதிரி ஒரு வழக்கில், இப்படி ஆளாளுக்கு ஒரு நிபந்தனையை நிலத்தின் தலையில் கட்டிக்கொண்டே போனால் நிலம் எதற்கும் உதவாமல் போய்விடும் என்ற அர்த்தத்தில் லார்ட் ப்ரூம் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

டல்க் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இரண்டு வகை கோர்ட்டுகள். ஒன்று எழுத்துக்கு எழுத்து சட்டம் பார்க்கும். இன்னொன்று 'சான்ஸரி'. அது மனசாட்சியைப் பார்க்கும். டல்க் தட்டியது சான்ஸரியின் கதவை. முதல் சுற்றிலேயே தடையுத்தரவு கிடைத்தது. அதை நீக்கச் சொல்லி மோக்ஸே மேலே போனார். 1848 டிசம்பர் 22 அன்று லார்ட் சான்ஸலர் காட்டன்ஹாம் தீர்ப்புச் சொன்னார்.

அவர் கேட்டதன் சாரம் இது. ஒரு நிலத்தின் மேல் இப்படியொரு நிபந்தனை இருந்தால் அதன் விலை அதற்கேற்றபடிதான் இருக்கும். அந்த விலைக்கு வாங்கியவர், நிபந்தனையைக் கழற்றிவிட்டு மறுநாளே இன்னொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்க முடியும் என்றால், அதைவிட அநியாயம் உண்டா? நிபந்தனை நிலத்தோடு ஓடுகிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. தெரிந்தே வாங்கியவர் தெரியாதவர் மாதிரி நடந்துகொள்ள மனசாட்சி இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. இப்படிச் சொல்லி, தடையுத்தரவை உறுதி செய்தார்.

டல்க் ஜெயித்தார். ஆனால் மூன்றே வாரம்தான், 1849 ஜனவரியில் காலமாகிவிட்டார். அவர் பெயரிலான தீர்ப்புக்கு மட்டும் சாவே இல்லை. நகரமைப்புச் சட்டமெல்லாம் வராத காலம் அது. லண்டனைச் சுற்றிப் புதுப்புது மனைகள் விற்றவர்கள் எல்லோரும் பத்திரத்தில் 'இங்கே சாராயக்கடை வைக்கக்கூடாது', 'நாற்றமடிக்கிற தொழில் செய்யக்கூடாது' என்று எழுத ஆரம்பித்தார்கள். விற்றுவிட்டுப் போன பிறகும் அந்த வரிகள் நிலத்தை விட்டுப் போகவில்லை. கப்பலேறி இங்கேயும் வந்தது. நம்ம 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்து நிலத்தை நல்லபடியாக அனுபவிப்பதற்காகப் போட்ட தடை, அது தெரிந்தே வாங்கியவரையும் கட்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்குள் லெஸ்டர் ஸ்கொயர் ஒளிந்திருக்கிறது!

சரி, தோட்டம் என்னாயிற்று? அதைத்தானே காப்பாற்றினார்கள்?

அங்கேதான் வேடிக்கை. கோர்ட் கொடுத்தது தடையுத்தரவு. 'கட்டாதே, வேறெதற்கும் பயன்படுத்தாதே' என்று தடுக்க அதனால் முடிந்தது. 'தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்று, கிராதிக்குப் பெயின்ட் அடி' என்று யாரையும் அது ஏவவில்லை. விளைவு? இடத்தால் காசு பார்க்க முடியாது என்றான பிறகு, அதற்குக் காசு செலவழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

நடுவில் ஒரு பத்து வருஷம் மட்டும் கலகலப்பாக இருந்தது. 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து, ஜேம்ஸ் வைல்ட் என்ற வரைபடத் தயாரிப்பாளர் மோக்ஸே தரப்பிடமிருந்து இடத்தை வாங்கினார். டல்க் குடும்பத்தாரிடம் பேசி, 'பத்து வருஷம் மட்டும்... அப்புறம் இடித்துவிட்டுத் தோட்டத்தைப் பழையபடி போட்டுத் தருகிறேன்' என்று உடன்பாடு செய்துகொண்டார். தோட்டத்தின் நடுவே சுமார் 60 அடி விட்டத்தில் ஒரு ராட்சத பூகோள உருண்டை எழும்பியது. உருண்டைக்கு உள்ளே படிக்கட்டில் ஏறிப்போக வேண்டும். மலை, கடல், கண்டம் எல்லாம் உள்பக்கச் சுவரில் பிளாஸ்டரில் செய்து வைத்திருந்தார்கள். பூமியை வயிற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி! ஜனங்கள் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள்.

1862-ல் உருண்டையை இடித்தார்கள். தோட்டம் திரும்பி வரவில்லை. குப்பைமேடாயிற்று. ஜார்ஜ் மன்னரின் குதிரை கால் உடைந்து நின்றது. 1866-ல் ஒருநாள் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ குதிரைக்கு வெள்ளையடித்துக் கறுப்புப் புள்ளி வைத்து, மன்னர் தலையில் கோமாளித் தொப்பியை மாட்டி, துடைப்பக் கட்டையை ஈட்டியாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் ஊரே கூடிச் சிரித்தது.

இத்தனைக்கும் அப்போது இடத்தில் உரிமை கொண்டாடியது யார் தெரியுமா? அதே டல்க் குடும்பம்! 'கெடுக்கிறான்' என்று அடுத்தவர் மேல் வழக்குப் போட்டவர்களின் வாரிசுகள், தங்கள் கைக்கு வந்ததும் தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகரத்தை நிர்வகித்த மெட்ரோபாலிட்டன் போர்டு, 'நாங்கள் எடுத்துப் பராமரிக்கிறோம்' என்று முன்வந்தபோது, அதன் மேலும் வழக்குப் போட்டு 1868-ல் ஜெயித்தார்கள். 'பராமரி' என்ற பாதியை எழுதிய தாத்தாவை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் தோட்டத்தை மீட்டது சட்டம் அல்ல. ஆல்பர்ட் கிராண்ட் என்கிற, அவ்வளவாக நல்ல பெயரெடுக்காத ஒரு ஆசாமி. கம்பெனிகளை ஆரம்பித்து, ஆகா ஓகோ என்று விளம்பரப்படுத்தி, பங்குகளை விற்றுத் தள்ளி, வாங்கியவர்கள் தலையில் துண்டு விழ வைத்தவர். இத்தாலி மன்னர் கொடுத்த 'பேரன்' பட்டத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். எம்.பி. ஆக வேண்டும், கௌரவம் வேண்டும்... அதற்குக் கிடைத்த வழி, லெஸ்டர் ஸ்கொயர்! 11,000 பவுனுக்குச் சற்று மேலே கொடுத்து இடத்தை வாங்கி, செடிகொடி வைத்து, நடுவில் ஷேக்ஸ்பியரை நிறுத்தி, 1874 ஜூலை 2 அன்று ஊருக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். பிற்பாடு கடனில் மூழ்கி 1899-ல் செத்துப்போனார். ஷேக்ஸ்பியர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

'பராமரி' என்ற பாதிக்கு அதற்கப்புறமும் விடிவு வரவில்லை. 1881-ல் ஒரு வழக்கு. 'வீடுகளைப் பழுது பார்த்து வைப்பேன்' என்ற ஷரத்து, பின்னால் அந்த இடத்துக்கு வந்தவர்களைக் கட்டுமா? கட்டாது என்று சொல்லிவிட்டார்கள். 1848 தீர்ப்பு, 'செய்யாதே' என்கிற ஷரத்துக்கு மட்டும்தான். 'செய்' என்கிற ஷரத்துக்கு இல்லை. வக்கீல்கள் இதற்கு ஒரு சுலபமான சோதனை வைத்திருக்கிறார்கள். ஷரத்தை நிறைவேற்ற நீங்கள் சட்டைப்பைக்குள் கையை விட வேண்டுமா? அப்படியென்றால் அது உங்களுக்குப் பிறகு வருபவரைக் கட்டாது. சும்மா இருந்தாலே போதுமா? கட்டும்.

இதைப் படித்துவிட்டு, 'அட, இதெல்லாம் விக்டோரியா ராணி காலத்துக் கதை' என்று தள்ளிவிடாதீர்கள். 1994-ல், பிரிட்டனின் உச்சபட்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபைக்கு, சாமர்செட் மாவட்டத்திலிருந்து ஒழுகுகிற கூரை ஒன்று வந்து சேர்ந்தது. பெரிய வீடு ஒன்றை 1960-ல் இரண்டாகப் பிரித்து, சிறிய பாகத்தை விற்றிருந்தார்கள். பெரிய வீட்டின் கூரையில் ஒரு பகுதி, சிறிய வீட்டின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. 'காற்றும் மழையும் புகாதபடி அந்தக் கூரையை நான் பராமரிப்பேன்' என்று விற்றவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வருஷங்கள் ஓடின. இரண்டு வீடுகளும் கை மாறின. கூரை ஒழுகியது. கீழே இருந்தவர் மேலே இருந்தவரைக் கேட்டார். 'எழுதிக் கொடுத்தது நான் இல்லையே!'... மோக்ஸேயின் அதே பதில்.

இந்தத் தடவை அந்தப் பதில் ஜெயித்தது! லார்ட் டெம்பிள்மன் சொன்ன காரணம் யோசிக்க வைக்கிறது. கட்டக்கூடாது என்ற தடை இருந்தால், அந்த நிலத்தைக் கட்டும் உரிமை இல்லாமல்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். இல்லாத ஒன்றை நீங்கள் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். ஆனால் 'கூரையைச் சரிசெய்' என்று உங்களுக்கு உத்தரவு போட்டால், நீங்கள் போடாத ஒப்பந்தத்தை உங்கள் மேல் சுமத்துவதாகும். மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றம் மாற்றட்டும், நூறு வருஷத்துக்கு மேலாக இதை நம்பி ஜனங்கள் சொத்து வாங்கியிருக்கிறார்கள் என்றார். தர்க்கம் சரிதான். எனக்கென்னவோ, ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் இந்தத் தர்க்கம் எடுபடாது என்றே தோன்றுகிறது.

ஒரு கூரைக்கே இந்தப் பாடு என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட், மாடிப்படி, தண்ணீர்க் குழாய், மொட்டை மாடி... எல்லாமே 'செய்' ரகம். அதனால்தான் இங்கிலாந்தில் ஃபிளாட்டுகளைச் சுத்தக் கிரயத்துக்கு விற்காமல், 99 வருஷம், 125 வருஷம், 999 வருஷம் என்று குத்தகைக்கு விற்கிற பழக்கம் வேர் பிடித்தது. ஏனென்றால் குத்தகையில் மட்டும், பழுதுபார்க்கும் ஷரத்து கை மாறி வந்தவரையும் கட்டும். 1583-லேயே முடிவான விஷயம் அது. நம்ம ஊரில் ஃபிளாட் வாங்கினால் 'யு.டி.எஸ்.' என்று நிலத்தில் பிரிக்கப்படாத பங்கை எழுதித் தருகிறார்கள். அங்கே, லட்ச லட்சமாய்ப் பவுனைக் கொட்டி வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் குத்தகைதாரர்தான். வருஷங்கள் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் கரையும். நீட்டிக்க, நிலத்துக்காரருக்குத் தனியாகக் காசு அழ வேண்டும். இதற்கு மாற்றாக 'காமன்ஹோல்டு' என்ற முறையைச் சட்டமாக்கி 2004-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பில்டர்கள் பெரும்பாலும் அதைச் சீண்டவில்லை.

'செய்' நொண்டியடித்த கதை இது. 'செய்யாதே' நன்றாக ஓடியது என்றேன் அல்லவா? அது எங்கெல்லாம் ஓடியது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தின் சட்ட மரபைச் சுவீகரித்துக்கொண்ட அமெரிக்காவில், தோட்டத்தில் கட்டடம் வேண்டாம் என்று எழுதிய அதே இடத்தில் வேறொன்றை எழுதினார்கள். இந்த வீட்டில் கறுப்பர்கள் குடியிருக்கக்கூடாது!

செயின்ட் லூயிஸ் நகரில் லபாடி அவென்யூ என்ற தெரு. 1911-ல் அங்கிருந்த வீட்டுக்காரர்கள் பலர் சேர்ந்து, 50 வருஷத்துக்குக் கறுப்பர்களும் மங்கோலிய இனத்தவரும் இங்கே குடியேறக் கூடாது என்று எழுதிப் பதிவு செய்தார்கள். நாடு முழுக்க இப்படி எழுதப்பட்ட தெருக்கள் ஏராளம். 1930-களில், வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு அமைப்பே தன் கையேட்டில் இத்தகைய ஷரத்துக்களைச் சிபாரிசு செய்தது. கோர்ட்டுகளும், லெஸ்டர் ஸ்கொயர் தோட்டத்தைக் காப்பாற்றிய அதே சாவியால் இந்தக் கதவையும் பூட்டின.

1945-ல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம், ஆறு குழந்தைகளோடு, அந்தத் தெருவில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியது. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, பல தெரு தள்ளியிருந்த க்ரேமர் குடும்பம் அவர்களை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் க்ரேமர் பக்கம் நின்றது. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபோது, 9 நீதிபதிகளில் 3 பேர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் குடியிருந்த வீடுகளின் பத்திரங்களிலேயே அந்த மாதிரி ஷரத்து இருந்திருக்கும் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

1948 மே 3. மிச்சமிருந்த 6 பேரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். தனிமனிதர்கள் தங்களுக்குள் இப்படி எழுதிக்கொண்டால், அந்த எழுத்தை மட்டும் வைத்து அரசியல் சட்டத்தை மீறியதாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை நிறைவேற்றித் தரச் சொல்லி கோர்ட்டுக்கு வந்தால்... கோர்ட் என்பது அரசாங்கம். அரசாங்கம் அந்தக் காரியத்துக்குக் கை கொடுக்க முடியாது!

காட்டன்ஹாம் தீர்ப்புக்குச் சரியாக நூறாவது வருஷம்.

ஷெல்லி குடும்பம் வீட்டிலேயே இருந்தது. அந்த வீடு பின்னால் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1968-ல் வந்த வீட்டு வசதிச் சட்டம் இனம் பார்த்து வீடு மறுப்பதையே சட்டவிரோதமாக்கியது. ஆனால் நிலத்தின் மேல் எழுதியது அவ்வளவு லேசில் அழிவதில்லை. அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிற ஒருவர், பதிவு அலுவலகத்தில் தாய்ப்பத்திரங்களைப் புரட்டும்போது அந்த வரி இன்றைக்கும் கண்ணில் படுகிறது. வாங்குகிறவரே கறுப்பராக இருந்தாலும்தான். பல மாநிலங்களில் அதை அடித்துவிட்டுப் பதிவு செய்ய இப்போது தனியாக ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்.